மேடம், அந்த நம்பரை யார் போட்டது?

"ஏன் சார், மங்களம் ஸ்டோர்ஸ் என்ன உங்க மச்சான் கடையா?"

வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு பாத்திரக்கடை முதலாளி போனில் எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? என் மனைவி அவள் வீட்டில் ஒரே பெண். எனக்கு மச்சானே கிடையாது.

"எந்த மங்களம் ஸ்டோர்ஸ், அண்ணாச்சி?" என்றேன்.

"நான் பணம் கட்டி, நான் டிசைன் பார்த்து, நான் அடிக்கச் சொன்ன காலண்டர்ல எவன் பேரு இருக்கோ, அந்த மங்களம் ஸ்டோர்ஸ்!"

எனக்கு வியர்த்துவிட்டது.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் செக்‌ஷனில் இருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆடிப்பெருக்கு வந்தால் எங்கள் ஊரில் காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம். அடுத்த வருஷத்துக்கான டிசைன்கள் எல்லாம் அதில் இருக்கும் — முருகன், மாதா, மெக்கா, கொழுகொழு குழந்தை, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத அருவி. ஒவ்வொன்றின் கீழேயும் கடைப் பெயர் போட ஓர் இடம். அந்த இடத்தைக் காலியாக விட்டால் பார்க்கிறவர்களுக்கு மனசு ஒட்டாது. அதனால் சும்மா ஒரு பெயர் போட்டு வைப்போம். எங்கள் கம்பெனி ஆல்பத்தில் எப்போதும் ஒரே பெயர்தான்: 'ஸ்ரீ மங்களம் ஸ்டோர்ஸ், பெரிய கடை வீதி, போன்: 12345.'

அப்படி ஒரு கடை கிடையாது. தமிழ்நாட்டிலேயே அதிக டிசைன்களில் காலண்டர் போட்ட கடை, இல்லாத இந்தக் கடைதான்!

கும்பகோணத்துக்காரர் எங்கள் ஏஜென்டிடம் ஆல்பத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும், ஒரு எழுத்து மாறக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். ஏஜென்டும் பயபக்தியோடு 'ஆல்பத்தில் உள்ளபடி' என்று எழுதிவிட்டார். பெயர் எழுத வேண்டிய இடத்தைத் தொடவே இல்லை. எங்கள் மிஷின்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஒரு எழுத்து மாறவில்லை. லோடு முழுக்க மங்களம் ஸ்டோர்ஸ்.

"ஸ்டிக்கர் அடிச்சு, எங்க ஆளுகளை வச்சே மேல ஒட்டித் தந்திருதோம் அண்ணாச்சி... கோவிச்சுக்கிடாதீக" என்று கெஞ்சி போனை வைத்தேன்.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் செண்பகம் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். செண்பகம் என் மனைவி. செண்பகவல்லி என்பது முழுப் பெயர். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. கையில் புத்தகத்தோடு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து போன் வந்துச்சுங்க. சனிக்கிழமை டெமோ கிளாஸ் எடுக்கணுமாம்" என்றாள்.

"நல்ல விஷயம்தானே? யாரு பேசினா?"

"யாரோ பேசினாக. 'காலண்டர்காரர் வீட்டம்மாவா?'ன்னு கேட்டாக. ஆமான்னேன்."

எங்கள் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டு அக்கா... எல்லாருக்கும் அவள் 'காலண்டர்காரர் வீட்டம்மா'தான். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அதே சென்டரில் ஒரு வருஷ டிப்ளமோ சேர்ந்தாள். சி, சி பிளஸ் பிளஸ், இன்னும் என்னென்னவோ படித்து முதல் மார்க் வாங்கினாள். அவளுக்கு ஒரே ஆசை, அங்கேயே டீச்சராகச் சேர வேண்டும்.

போன வருஷமும் ஒரு டெமோ வாய்ப்பு வந்தது. போனாள், போர்டு முன்னால் நின்றாள், பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. "சாரி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். அதற்கப்புறம் பல மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று பயம்.

"இந்தத் தடவையும் சொதப்பினேன்னு வைங்க... அந்தக் கம்ப்யூட்டர் மேல பழைய சேலையப் போத்தி, மேல உப்பு ஜாடிய வச்சிருவேன். பெறகு என்னைய யாரும் படி, எழுதுன்னு சொல்லக் கூடாது" என்றாள். செய்யக்கூடியவள்.

"பாடம் என்ன?"

"கன்ஸ்ட்ரக்டர். கிளாஸ், ஆப்ஜெக்ட் சொல்லிட்டு அதுல போகணும். நீங்கதான் ஸ்டூடண்ட். இங்கன உக்காருங்க."

அப்படித்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன்! எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் ஆபீஸில் இருக்கிற சீட்டாட்டம் மட்டும்தான். அதிலும் பாதியில் மாட்டிக்கொள்வேன்.

முதல் நாள் பாடம் கிளாஸ், ஆப்ஜெக்ட். செண்பகம் புத்தகத்தைப் பார்த்து இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்கு ஒரு எழுத்து ஏறவில்லை. தமிழில் சொல்லச் சொன்னேன்.

"உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். ஆல்பத்துல ஒரு டிசைன் இருக்குல்ல? அது கிளாஸ். அதப் பாத்து அடிச்சு வருதுல்ல காலண்டர், அது ஒவ்வொண்ணும் ஆப்ஜெக்ட். சரியா?"

"சரியில்ல" என்றேன்.

"என்ன சரியில்ல?"

"ஆல்பத்துல இருக்கறதும் காலண்டர்தானம்மா. பிச்சு எடுத்து ஆணியில மாட்டினா மாட்டலாம். அதுவும் ஆப்ஜெக்ட்தானே? அப்ப கிளாஸ் எங்க?"

முறைத்தாள். புத்தகத்தைப் புரட்டினாள். மறுபடி முறைத்தாள். நான் ஏதோ பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் காலாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் பாடம் நடக்காமல் இருந்தால் சாப்பிட உட்காரலாம் என்பதுதான் என் திட்டம்.

"ஒத்துக்கிடுதேன்" என்றாள் கடைசியில். "அதுவும் ஆப்ஜெக்ட்தான். அப்ப கிளாஸ்ங்கறது... உங்க கம்பெனியில மிஷினுக்குப் போகுமே ஒரு அட்டை, என்ன பேரு அதுக்கு?"

"ஜாப் கார்டு."

"அதுல என்னென்ன இருக்கும்?"

"சைஸு, படம், கடைப் பேரு, ஊரு, போன் நம்பர்... பெறகு அடிக்கணும், வெட்டணும், தேதிக் கட்டு தைக்கணும்னு வேலைக."

"எழுதாத வெத்து ஜாப் கார்ட ஆணியில மாட்டி நாள் பாக்க முடியுமா?"

"அதெப்படி முடியும்?"

"அதான் கிளாஸ்! இன்னின்ன விவரம் வேணும், இன்னின்ன வேல செய்யணும்னு சொல்ற அட்டை. அத வச்சு அடிச்சு வர்றதுதான் ஆப்ஜெக்ட். இப்ப ஏறுச்சா?"

ஏறியது. ஆச்சரியமாக இருந்தது... எனக்கு ஏறியதல்ல, அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லாமல் வார்த்தை வந்தது. போன வருஷம் போர்டு முன்னால் நின்ற தொண்டையா இது?

"இதையே சனிக்கிழமை சொல்லேன்" என்றேன்.

"ஐயய்யே! ஜாப் கார்டு, தேதிக் கட்டுன்னு பேசினா சிரிப்பாக. புஸ்தகத்துல 'ஸ்டூடண்ட்'னு கிளாஸ் இருக்கு, ரோல் நம்பர் இருக்கு. அதத்தான் சொல்லணும்."

சொன்னால் கேட்டால்தானே!

அடுத்த நாள் பாடம் கன்ஸ்ட்ரக்டர். கிளாஸுக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும் என்றாள். ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் என்றாள். ஒரு ஆப்ஜெக்டுக்கு ஒரு தடவைதான் என்றாள்.

"தானான்னா? யாரு கூப்பிடுவா?"

"யாரும் கூப்பிட வேண்டாம்."

"கூப்பிடாம எப்படி வரும்?"

"வரும்ங்க."

"நம்ம ஊர்ல கூப்பிடாம கரண்ட் கட்டு தவிர எதும்மா வந்திருக்கு?"

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அடிக்காதது ஒன்றுதான் குறை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ நின்றது. முந்தின நாள் நான் கடையில் சொல்லிவைத்திருந்த டேபிள் ஃபேன் வந்து இறங்கியது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, ஃபேனை மேஜை மேல் வைத்து, பிளக்கைச் சொருகப் போனேன்.

"இருங்க, இருங்க!" என்று உள்ளே ஓடினாள். சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழோடு வந்தாள். ஃபேனின் நடு மண்டையில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். "ம், இப்பப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உண்டு. மிக்ஸி வந்தாலும் பொட்டு, பைக் வந்தாலும் பொட்டு, ஜனவரி ஒண்ணாம் தேதி புதுக் காலண்டர் மாட்டும்போது நாலு மூலைக்கும் மஞ்சள். எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு மானிட்டர் கண்ணாடியிலேயே வைத்துவிட்டாள். அழியாத தடமாக நிற்கிறது.

நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "ஏம்மா, உன்னைய யாரு கூப்பிட்டுப் பொட்டு வைக்கச் சொன்னா?"

"இதுக்கு யாரு கூப்பிடணும்? புதுசா ஒரு சாமான் வீட்டுக்குள்ள வந்தா மொத வேலையா..."

அப்படியே நின்றுவிட்டாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அவளும் ஃபேனைப் பார்த்தாள்.

"அடியாத்தீ!" என்றாள். "புதுசா ஒண்ணு வந்தா, யாரும் சொல்லாம, தானா, மொத வேலையா, ஒரே தடவ..."

"அப்ப இதுதானா உன் கன்ஸ்ட்ரக்டரு?"

"இதேதான்!" முகம் அப்படி மலர்ந்தது. அடுத்த நிமிஷமே சுருங்கியும் விட்டது. "ஆனா இதப் போயி கிளாஸ்ல சொல்ல முடியுமா? டை கட்டின ஆளு முன்னால உக்காந்திருப்பாரு. சந்தனம், குங்குமம்னு ஆரம்பிச்சா, 'எம்மா நீங்க கோயிலுக்குப் போங்க'ன்னு சொல்லிருவாரு."

மங்களம் ஸ்டோர்ஸ் கதையையாவது சொல் என்றேன். "பேரு குடுக்காட்டி ஆல்பத்துப் பேரு விழுந்திருச்சு பாத்தியா, அது உன் பாடத்துல எங்கயாவது வருமா?" வரும் என்றாள். விவரம் கொடுக்காமல் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் நாம் முன்கூட்டியே எழுதி வைத்தது விழும், அதற்கு டீஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர் என்றாள். ஆனால் அதையும் சொல்ல மாட்டாளாம். அது என் கம்பெனி மானமாம்! நான் இந்தப் பக்கத்தில் எழுதிக் கப்பலேற்றப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை வந்தது.

சென்டர் மாடியில் இருக்கிறது. நான் அவளை பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கீழே டீக்கடையில் காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. படியேறும்போது அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. "போயிட்டு வாரேன்" என்றவள் குரலே மாறியிருந்தது. நான் டீக்கடைக்குப் போய், வாங்கிய டீயைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பொதுத்தேர்வுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

சென்டருக்கு இந்த வருஷம் புதிதாக வந்த பொறுப்பாளர் பிரபு என்கிற இளைஞர். சிவகாசி வெயிலில் டை கட்டுகிற ஒரே மனிதர். அவரே படியிறங்கி டீக்கடைக்கு வந்தார்.

"சார், ஏழாயிரம்பண்ணை பஸ் இன்னும் வரலை. பாதி பேட்ச் அதுலதான் வரும். பெஞ்சு காலியா இருந்தா டெமோ நல்லா இருக்காது. உங்களுக்கு வேலை இல்லைன்னா பின்னால வந்து உக்காருங்களேன்" என்றார். நான் அவளோடு வந்தவன் என்று அவருக்குத் தெரியவில்லை. சும்மா டீ குடிக்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பெயர் மாரீஸ்வரி. என் வழுக்கையைப் பார்த்தாள், என் கையில் இருந்த ஆபீஸ் ஆர்டர் நோட்டைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்களும் டிப்ளமோவா?"

"ஆமாம்மா."

"எதுக்கு அண்ணாச்சி இந்த வயசுல?" என்றாள் உண்மையான இரக்கத்தோடு.

செண்பகம் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரபு முன் பெஞ்சில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆரம்பித்தாள். அதே புத்தகம், அதே இங்கிலீஷ், அதே ஒப்பிப்பு! 'ஸ்டூடண்ட்' என்று கிளாஸ் எழுதினாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். மாரீஸ்வரி நோட்டில் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

பெரிய மானிட்டரில் புரோகிராமை ஓட்டினாள். அந்த மானிட்டரிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அப்படியே இருந்தது, கார்த்திகை பிறந்தும் ஒருவரும் துடைக்கவில்லை. கன்ஸ்ட்ரக்டர் எழுதாமல் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் ரோல் நம்பரைக் காட்டச் சொன்னாள். நீலத் திரை கறுப்பாகி ஒரு நம்பர் வந்தது. மைனஸ் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவ்வளவுதான். செண்பகத்தின் வாய் நின்றுவிட்டது. அந்த நம்பர் வர வேண்டியதுதான், அதை வைத்துத்தான் கன்ஸ்ட்ரக்டருக்குப் போக வேண்டும், வீட்டில் எத்தனையோ தடவை செய்து பார்த்ததுதான். ஆனால் அந்தச் சிரிப்பில் எல்லாம் மறந்துவிட்டது. போர்டைப் பார்த்தாள். சாக்பீஸைப் பார்த்தாள். தொண்டையைத் தடவினாள். எனக்குத் தெரியும், அடுத்த வார்த்தை "சாரி". அதற்கடுத்து பழைய சேலை, உப்பு ஜாடி.

என்னை அறியாமல் என் கை மேலே போனது.

"மேடம், ஒரு டவுட்!"

என் பெண்டாட்டியை நான் மேடம் என்று கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

"என்ன?" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

என்ன கேட்பது? கை தூக்கும்போது யோசிக்கவில்லையே! மானிட்டரைப் பார்த்தேன். "அந்த நம்பர்... நாம யாரும் குடுக்கலையே மேடம்? அந்த நம்பரை யார் போட்டது?"

"யாரும் போடலை. அது கார்பேஜ் வேல்யூ."

"யாரும் போடாம எப்படி மேடம் வரும்?"

கூப்பிடாமல் எப்படி வரும் என்று வீட்டில் கேட்ட அதே தொனி. நான் வேண்டுமென்று செய்யவில்லை, என் சந்தேகமே அப்படித்தான் வரும். ஆனால் அது சரியான இடத்தில் போய்க் குத்திவிட்டது. செண்பகத்தின் இடது கை இடுப்புக்குப் போவதைப் பார்த்தேன்.

"எப்படி வருமா? நீங்க இப்ப இருக்கற வீட்டுக்குக் குடி போனப்ப பரண் காலியாவா இருந்துச்சு? முந்தி குடியிருந்தவக விட்டுட்டுப் போன ஒடஞ்ச நாற்காலி, தகர டப்பா, ஒத்தச் செருப்பு, அம்புட்டும் கெடந்துச்சா இல்லையா? யாரு போட்டா? நீங்க போட்டீகளா, நான் போட்டேனா?"

"இல்ல மேடம்..."

"கம்ப்யூட்டர் மெமரியும் அந்தப் பரண் மாதிரிதான்! முந்தி ஓடின புரோகிராம் எதையோ விட்டுட்டுப் போயிருக்கும். நாம குடி போனதும் கூட்டிப் பெருக்கலைன்னா அந்தக் குப்பைதான் நம்ம ரோல் நம்பரு! சொல்லியும் கேக்காம அந்த ஒடஞ்ச நாற்காலியத் தூக்கியாந்து ஹால்ல போட்டு உக்காந்து, விழுந்து, இடுப்புப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தீகளா இல்லையா?"

வகுப்பே வாய் பிளந்து கேட்டது. மாரீஸ்வரி பூ வரைவதை நிறுத்திவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள். "அண்ணாச்சி, மேடத்துக்கு எப்படித் தெரியும்?" என்று கிசுகிசுத்தாள். நான் அவசரமாக மறுபடி கையைத் தூக்கினேன்.

"அப்ப யாரு மேடம் கூட்டிப் பெருக்கணும்?"

"அதுக்குத்தான் கன்ஸ்ட்ரக்டர்!" என்று போர்டைத் தட்டினாள். சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டை வைத்தே எழுத ஆரம்பித்தாள். "இந்தா, இந்த மானிட்டர்ல சந்தனம் இருக்கே, யாரு வச்சது? யாராவது ஆர்டர் போட்டாகளா? புதுசா ஒரு சாமான் வந்தா நம்ம வீட்டுல மொத வேலையா என்ன செய்வாக?"

"பொட்டு வைப்பாக மேடம்!" — நாலைந்து குரல்கள்.

"யாராவது கூப்பிட்டுச் சொல்லணுமா?"

"வேண்டாம் மேடம்!"

"ஒரு சாமானுக்கு எத்தன தடவ?"

"ஒரு தடவ!"

"ஆயுத பூஜைக்கு வைக்கறோமே மேடம், அது?" என்றாள் மாரீஸ்வரி.

"அது தனி ஃபங்ஷன். நாம கூப்பிட்டாத்தான் வரும். புதுசுக்கு வைக்கறது மட்டும்தான் கன்ஸ்ட்ரக்டர்" என்றாள் செண்பகம், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும்போல் இருந்தது. இப்படி ஒரு கேள்வி என்னிடம்கூட வரவில்லையே!

அப்புறம் அவளை யார் நிறுத்துவது? 'ஸ்டூடண்ட்' என்ற கிளாஸை அழித்துவிட்டு 'காலண்டர்' என்று எழுதினாள். ஜாப் கார்டு வந்தது. தேதிக் கட்டு வந்தது. என் கம்பெனி மானமும் வந்தது! மங்களம் ஸ்டோர்ஸ் என்றதும் பிள்ளைகள் "அது எங்க வீட்டு ஆல்பத்துலயும் இருக்கு மேடம்" என்று கத்தினார்கள். ஒட்டுகிற வேலைக்கும் மடிக்கிற வேலைக்கும் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியாத ஆல்பமா?

விவரம் கொடுக்காவிட்டால் மங்களம் ஸ்டோர்ஸ் விழுகிற மாதிரி ஒரு கன்ஸ்ட்ரக்டர். பெயரைக் கொடுத்தால் கொடுத்த பெயர் விழுகிற மாதிரி இன்னொன்று. இரண்டு காலண்டர் ஆப்ஜெக்ட் உருவாக்கினாள். ஒன்றுக்குக் கும்பகோணம் பாத்திரக்கடை என்று கொடுத்தாள், இன்னொன்றை வெறுமனே விட்டாள். ஓட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வரி வந்தது — கும்பகோணம் ஒன்று, மங்களம் ஸ்டோர்ஸ் ஒன்று. குப்பை நம்பர் காணோம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அப்ப நாம பேரு குடுக்கலைன்னா ஆல்பத்துப் பேருதான் நிக்குமா மேடம்?" என்றாள் மாரீஸ்வரி.

"ஆமா. நீ உன் பேரக் குடுக்கலைன்னா, வேற யாரோ வச்ச பேருதான் நிக்கும்" என்றாள் செண்பகம். சொல்லிவிட்டு, போர்டில் எழுதியிருந்த மங்களம் ஸ்டோர்ஸைத் தானும் ஒரு தடவை படித்தாள். அப்புறம் டஸ்டரை எடுத்து போர்டைத் துடைத்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனதும் பிரபு எழுந்தார். டையைச் சரி செய்துகொண்டார். நான் கடைசி பெஞ்சிலேயே பேனா தேடுகிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், நடு பாகம் பிரமாதம். நானே படிச்சப்ப எனக்குக் கார்பேஜ் வேல்யூ இப்படிப் புரியலை. ஆனா..." என்று இழுத்தார். "ஸ்டூடண்ட்கிட்ட இவ்வளவு கோபம் கூடாது மேடம். அந்த வயசானவரைப் போட்டு அந்த வாங்கு வாங்கிட்டீங்க. பாவம், டீ குடிக்க வந்தவர் அவர்."

வயசானவரா!

"அவரு ஸ்டூடண்ட் இல்ல சார்" என்றாள் செண்பகம். "எங்க வீட்டுக்காரரு."

பிரபு திரும்பி என்னைப் பார்த்தார். நான் பேனா கிடைத்துவிட்ட மாதிரி நிமிர்ந்தேன். மறுபடி அவளைப் பார்த்தார். அப்புறம் டை ஆட ஆடச் சிரித்தார். "அப்ப சரி. திங்கக்கிழமை வந்திருங்க மேடம். டைம்டேபிள் போர்டுல பேரு எழுதணும். என்னன்னு போடட்டும்? எங்க போன் புக்குல 'காலண்டர்காரர் வீட்டம்மா'ன்னுதான் இருக்கு."

"செண்பகவல்லி" என்றாள். "அம்புட்டுத்தான்."

படியிறங்கும்போது அவள் அழுதாள். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை வெளியில் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வீட்டுக்குப் போனதும் அவள் முதல் வேலையாகச் சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். சென்டரில் கொடுத்த புது வருகைப் பதிவேட்டின் அட்டைக்குப் பொட்டு வைத்தாள். யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து சில வாரம் ஆகிறது. கும்பகோணத்துக்காரருக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாயிற்று. அவரும் சமாதானமாகி அடுத்த வருஷத்துக்கும் ஆர்டர் தருவதாகச் சொல்லிவிட்டார். பெயரை மட்டும் போனில் எழுத்துக்கூட்டி எனக்குச் சொன்னார்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டு எதிரே வழக்கமான டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எத்தனையோ வருஷமாக அங்கே எனக்கு 'காலண்டர்காரர்' என்றுதான் பெயர். டீ மாஸ்டர் என் தலையைப் பார்த்ததும் 'காலண்டர்காரருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று அவரே சொல்லிக்கொண்டு அவரே போடுவார். அப்போது வெம்பக்கோட்டை பஸ்ஸிலிருந்து ஒரு பெண் கூட்டம் இறங்கியது. மாரீஸ்வரி என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, அந்தா நிக்காருல்ல, அவருதான் செண்பகவல்லி மேடத்தோட வீட்டுக்காரரு! ஒடஞ்ச நாற்காலியில விழுந்தாருல்ல, அவரு!" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

டீ மாஸ்டர் காதிலும் விழுந்துவிட்டது. மறுநாள் போய் நின்றதும் ஆற்றிக்கொண்டே குரல் கொடுத்தார். "செண்பகவல்லி மேடம் வீட்டுக்காரருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு!"

திருத்தியிருக்கலாம்தான். ஆனால், இந்தப் பேருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.